தகவல் சொல்ல வேண்டியவர்

அப்போது எனக்கு வேங்கிக்காலில் ஓர் அறக்கட்டளை அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை. கிரிவலப் பாதையில் தங்கியிருக்கும் சாமியார்களுக்குச் சாப்பாடு, மருந்து, கடைசியில் அடக்கம் எல்லாம் அந்த அறக்கட்டளை பார்த்துக்கொள்ளும். அவர்களுடைய விவரம் முழுவதும் ஒரு டேட்டாபேஸில் இருந்தது. உடன் வேலை பார்த்த அக்கா பாதை முழுக்க நடந்து, ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து கேட்டு, டேப்லெட்டிலேயே தமிழில் ஏற்றியது அது.

அதில் ஒரு கட்டம், ‘இறந்தால் தகவல் சொல்ல வேண்டியவர்’. பலரும் பதில் சொல்ல மாட்டார்கள். அடி அண்ணாமலைப் பக்கம் இருந்த ஒரு பெரியவர் மட்டும் அக்காவைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பாராம்: “எம் பொண்ணு பேரு எழுதிக்கினியாமா? உசுரோட போய் நிக்க எனக்கு மூஞ்சி இல்ல. செத்தா மட்டும் சொல்லிடு.”

“சாமியாருக்கு என்னக்கா பொண்ணு? அந்தக் கட்டத்தையே தூக்கிடட்டுமா?” என்று சிரித்தவன் நான்.

ஒருநாள் மாத அறிக்கையில் தமிழ் உடைந்து உடைந்து அச்சாகி வந்தது. கோளாறு அறிக்கையில்தான். அதைத் தேடப் பொறுமையில்லாமல் டேட்டாபேஸின் எழுத்து செட்டிங்கையே மாற்றப் போனேன்.

“ஒரு காப்பி எடுத்து வெச்சிட்டீங்களா தம்பி?”

“எனக்கே பாடமா? நீங்க டைப் அடிக்கற வேலையப் பாருங்க.”

காப்பி எடுக்கவில்லை. நான் தேர்ந்தெடுத்த செட்டிங்கில் தமிழுக்கு இடமே கிடையாது. ஒரே நொடியில் பெயர், ஊர், மகள், எல்லாம் கேள்விக்குறிகளாகிவிட்டன. வயது எண்ணில் இருந்ததால் பிழைத்தது. பழைய செட்டிங்குக்குத் திருப்பியும் ஓர் எழுத்துகூட மீளவில்லை.

செயலாளர் கேட்டார். “அக்கா ஏதோ தப்பான கீபோர்டுல அடிச்சிருக்காங்க சார்” என்றேன், வாய் கூசாமல்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “பத்து நாள் குடுங்க சார், திரும்பப் போய்க் கேட்டு ஏத்திடறேன்” என்றார். செயலாளர் கொடுக்கவில்லை. அன்றைக்கே அக்காவை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்.

வெயிலில் அலைய எனக்கு என்ன தலையெழுத்தா? கேள்விக்குறிகளை அழித்து, அந்தக் கட்டத்துக்கு ஒரு டிஃபால்ட் வைத்தேன். காலியாக இருந்தால் தானாகவே ‘யாரும் இல்லை’ என்று விழும். பெயர்களை மட்டும், பாதையில் சாப்பாடு கொடுப்பதைப் பார்த்துக்கொள்ளும் கண்காணிப்பாளரிடம் போனில் கேட்டு நிரப்பினேன். திரை சுத்தமாக இருந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பெரியவர் அதற்கடுத்த மாதம் இறந்தார். யாருக்கும் சொல்லாமல் அடக்கம் செய்தோம்.

மூன்று மாதம் கழித்து ஒரு பெண் போட்டோவோடு வந்தார். கீழ்பென்னாத்தூராம். பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்கூட இல்லை. போட்டோவைப் பார்த்ததும் அந்தப் பெரியவர்தான் என்று தெரிந்துவிட்டது. விஷயத்தைச் சொல்லி, பதிவை அச்செடுத்துக் கொடுத்தேன்.

அழாமல் வரிவரியாகப் படித்தவர் ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

“யாரும் இல்லைனு அவரே சொன்னாருங்களா?”

அக்காவின் நம்பர் என் போனில்தான் இருந்தது. ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் போதும். ஆனால் கூப்பிட்டால் என் வண்டவாளம் வெளியே வந்துவிடும்.

“ஆமாங்க. அவரே சொன்னதுதான்.”

“சரிங்க” என்று தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு அவர் எழுந்து போனார்.