முப்பத்தாறு பேருக்கு ஒரு கிளாம்ப் மீட்டர்

1. காலியாக வந்த கட்டம்

பயிற்சியின் நாற்பதாவது நாள் காலையில் பிராக்டிக்கல் ரிஜிஸ்டரை வகுப்பில் சுற்றுக்கு விட்டேன். மொத்தம் முப்பத்தாறு பேர். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் ‘செய்முறைப் பயிற்சி எண்பது மணி நேரம் முடித்தேன்’ என்று அச்சடித்திருக்கும். அவர்கள் கையெழுத்துப் போட்டதும் கீழே நான் போடுவேன். அத்துடன் சோலார் டெக்னீஷியன் சான்றிதழ் தயாராகிவிடும். ரிஜிஸ்டர் திரும்பி வந்தபோது ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தது. பரளச்சி ஊர் முத்துமாரியின் கட்டம்.

மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று கூப்பிட்டேன். அவர் மேஜை அருகில் வந்து மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

“கோவிச்சுக்கிடாதீக சார். நான் அந்த மீட்டர இன்னும் கையில பிடிக்கவே இல்ல. எம்பது மணி நேரம்னு எப்படிக் கையெழுத்துப் போடுறது?”

அவர் சொன்னது உண்மை. அருப்புக்கோட்டை மையத்தில் இந்த பேட்ச்சைத் தொடங்கியபோதும், கருவிகள் அடுத்த வாரம் வந்துவிடும் என்றார்கள். அடுத்த வாரம் அடுத்த வாரம் என்று தள்ளி ஆறு வாரம் ஓடிவிட்டது. அத்தனை பேருக்கும் சேர்த்து இருந்தது ஒரே ஒரு கிளாம்ப் மீட்டர். அதுவும் நான் என் வீட்டிலிருந்து கொண்டுவந்தது. வயரை வெட்டாமல், சும்மா கவ்விப் பிடித்தாலே அதில் எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று காட்டும் கருவி அது. முன்வரிசையில் பத்துப் பேர் அதைத் தொட்டுப் பார்த்திருப்பார்கள். மற்றவர்களுக்குத் திரையில் படம்தான்.

முத்துமாரிக்கு முப்பத்தொரு வயது, இரண்டு பிள்ளைகள். பிளஸ் டூ படித்தவர். அவர்கள் குடும்பத்துக் காட்டைச் சோலார் பிளாண்டுக்குக் குத்தகைக்கு விட்டிருந்தார்கள். வீட்டுக்கு ஒருவருக்கு வேலை என்று பேச்சு. வேலையும் கொடுத்தார்கள், பேனலுக்கு அடியில் புல் வெட்டுகிற வேலை. டெக்னீஷியன்கள் எல்லாரும் வெளி மாநிலத்துக்காரர்கள். கேட்டால், உள்ளூரில் தொழில் தெரிந்த ஆள் இல்லை என்று பதில். ஒரு வருடம் புல் வெட்டிவிட்டுத்தான் எங்கள் மையத்துக்கு வந்திருந்தார்.

“எல்லாரும் போட்டாச்சும்மா. நீங்களும் போட்டுருங்க, கருவி வந்ததும் சொல்லித் தாரேன்” என்றேன்.

“வந்த பெறகு போடுறேன் சார்” என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார்.

அதற்கு மேல் என்னால் பாடம் நடத்த முடியவில்லை. படித்துக்கொண்டிருங்கள் என்று வகுப்பில் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

2. பந்தல்குடியில் ஒரு பஞ்சர் கடை

அந்த ஒரு கட்டம் என்னை ஏன் அப்படி உலுக்கியது என்று சொல்ல வேண்டும். முந்தைய பேட்ச்சிலும் இதே ரிஜிஸ்டரில் நான் கையெழுத்துப் போட்டிருந்தேன். அந்த பேட்ச்சில் சவரிமுத்து என்று பந்தல்குடிப் பையன், இருபத்து நாலு வயது. கெட்டிக்காரன். வேறு மாவட்டத்தில் ஒரு பிளாண்டில் உடனே வேலை கிடைத்தது. இரண்டாவது வாரம் ஒரு பேனலை மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சான ஐசொலேட்டரை ஆஃப் செய்யாமல், கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேனல் வயர்களைக் கோக்கும் கனெக்டரைப் பிடித்து இழுத்துவிட்டான். வீட்டு கரண்ட் மாதிரி இல்லை, பேனலில் வரும் டிசி கரண்ட். இழுக்க இழுக்க நெருப்பு நீளும், தானாக அணையாது. வலது கை வெந்துபோனது. இரண்டு விரல் இன்றுவரை மடங்குவதில்லை.

மதுரை ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போயிருந்தேன். கட்டுப் போட்ட கையோடு அவன்தான் எனக்கு ஆறுதல் சொன்னான். “நீங்க சொல்லித்தான் குடுத்தீக சார். நாந்தான் மறந்துட்டேன்.”

பஸ்ஸில் திரும்பி வரும்போது என் பழைய நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். அந்தப் பாடத்தை நான் நடத்தியது டீ இடைவேளைக்கு முன்னால், ஒரே ஒரு ஸ்லைடில். சிவப்பு எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி. அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. கனெக்டரை அவன் கையில் நான் கொடுத்ததே இல்லை. மறப்பதற்கு அவனிடம் எதுவும் இருக்கவில்லை. இதை யாரிடமும் சொல்லாமல் ஏழு மாதம் சமாளித்துவிட்டேன்.

முத்துமாரி கையெழுத்துப் போடாத அன்று நான் நேராகப் போனது பந்தல்குடிக்கு. தூத்துக்குடி ரோட்டில் அவன் மச்சான் வைத்திருக்கும் லாரி பஞ்சர் கடையில் இடது கையால் காற்றுப் பிடித்துக்கொண்டிருந்தான். ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னேன்.

“சவரி, நீ மறக்கலப்பா. நான் உனக்கு ஒழுங்காச் சொல்லியே குடுக்கல. கையெழுத்து மட்டும் போட்டேன்.”

ஒரு லோடு லாரி வந்து நின்றது. அவன் போய் எல்லாச் சக்கரத்துக்கும் காற்றடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தான்.

“இத ஆஸ்பத்திரியிலயே சொல்லியிருக்கலாம்ல சார். ஏழு மாசமா என்னைய நானே திட்டிக்கிட்டுக் கெடக்கேன்.”

எங்கள் வகுப்புக்கு வந்து நடந்ததைச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். பார்ப்போம் என்று மட்டும் சொன்னான்.

3. பதினேழும் பத்தொன்பதும்

மறுநாள் வகுப்பில் எல்லாவற்றையும் சொன்னேன். ரிஜிஸ்டரில் என் கையெழுத்துக்கான இடத்தைக் குறுக்கே அடித்தேன். உங்கள் கையெழுத்தை வைத்துக்கொள்வதும் அடிப்பதும் உங்கள் விருப்பம் என்றேன். பதினெட்டுப் பேர் அடித்தார்கள். முத்துமாரியோடு பத்தொன்பது. மற்ற பதினேழு பேர் அடிக்கவில்லை. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வேலை கிடைத்தால் போதும் என்ற நிலையில் வீட்டை விட்டுவந்தவர்கள்.

மையத்தின் தலைவர் பிரபாகர் என்னைவிட இருபது வயது இளையவர். கெட்டவர் இல்லை. சென்னை ஆபீஸிலிருந்து அவருக்குத் தினமும் போன் வரும், எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை என்று. சான்றிதழ் விழாவுக்கு ஃபிளெக்ஸ்கூட அடித்துவிட்டார்கள். என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“தேவராஜ் சார், வேலைக்குப் போய் அங்க கத்துக்கட்டுமே. நீங்க மில்லுல அப்படித்தானே கத்துக்கிட்டீங்க?”

அதில் பாதி உண்மை. நூல் மில்லில் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்த காலத்தில் ஷாக் அடித்து அடித்துத்தான் நான் தொழில் கற்றேன். ஆனால் என் பக்கத்தில் எப்போதும் ஒரு மூத்த எலக்ட்ரீஷியன் நின்றார். இவர்கள் போய் நிற்கப்போவது ஆயிரம் வோல்ட் டிசி முன்னால், பெரும்பாலும் தனியாக. இதைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார், மாறவில்லை. வேறொரு பயிற்றுநரின் கையெழுத்தை வாங்கிப் பதினேழு பேருக்கும் சான்றிதழ் கொடுத்து, முத்துமாரி புல் வெட்டிய அதே பிளாண்டின் நேர்முகத்துக்கு அனுப்பினார்.

பிளாண்டில் கேள்வி எதுவும் கேட்கவில்லையாம். ஒவ்வொருவராக ஒரு காம்பைனர் பாக்ஸ் முன்னால் நிறுத்தி ஒரு ஃபியூஸை எடுக்கச் சொன்னார்களாம். வரிசையாகக் கோத்த பேனல்களை ஸ்ட்ரிங் என்போம். பல ஸ்ட்ரிங்குகள் வந்து சேர்கிற பெட்டிதான் காம்பைனர் பாக்ஸ். பதினேழு பேரும் ஐசொலேட்டரை அமர்த்தாமல் நேராக ஃபியூஸில் கை வைக்கப் போயிருக்கிறார்கள். ஒருவரையும் டெக்னீஷியனாக எடுக்கவில்லை. ஆறு பேருக்குப் பேனல் கழுவும் வேலை கொடுத்தார்கள்.

அன்று சாயங்காலம் பிரபாகர் என் மேஜைக்கு வந்து நின்றார். “சொல்லிக்குடுக்க மூணு வாரம் எடுத்துக்கங்க சார். அதுக்கு மேல என்னால சமாளிக்க முடியாது.” கழுவும் வேலைக்குப் போகாத பதினோரு பேரும் திரும்பி வந்துவிட்டார்கள். ஆக முப்பது பேர்.

4. கை முந்திவிடுகிறது

மில்லுக்குப் பிறகு நான் சூப்பர்வைசராக இருந்த சோலார் பிளாண்டில், ஃப்ரேம் வளைந்ததால் ஒதுக்கிப் போட்டிருந்த எட்டுப் பேனல்களைக் கேட்டு வாங்கி, மையத்தின் பின்னால் கரிசல் பொட்டலில் நிறுத்தினேன். பழைய காம்பைனர் பாக்ஸ் ஒன்றும் கிடைத்தது. வெயில் உச்சியில் இருக்கும்போதுதான் கரண்ட் நன்றாக வரும் என்பதால் மத்தியானம்தான் வகுப்பு. கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு, கரண்ட் ஓடும்போதே ஒரு கனெக்டரை நானே இழுத்துக் காட்டினேன். நீல நெருப்பு ஒரு சாண் நீளத்துக்கு நீண்டு இரைந்தது.

மூன்றாம் நாள் சவரிமுத்து வந்தான். சொல்லாமல் கொள்ளாமல் வந்து கடைசியில் நின்றான். அவன் கையை எல்லாரும் பார்த்தார்கள். அவன் நடந்ததைக் கதையாகச் சொல்லவில்லை. முத்துமாரி பாக்ஸ் முன்னால் நின்ற நேரம் அது. முதல் நாளே எல்லாப் படியையும் ஒப்பித்தவர், ஐசொலேட்டரைத் தொடாமல் ஃபியூஸுக்குக் கையைக் கொண்டுபோனார். நான் கத்திவிட்டேன். அவர் முகம் கறுத்துப்போய் நின்றார்.

“தெரியுது சார். ஆனா கை முந்திருது.”

நாற்பது நாள் நான் மூளைக்குத்தான் பாடம் நடத்தியிருந்தேன். கை எதையும் படிக்கவில்லை. இதற்கு என்ன செய்வது என்று எனக்குச் சட்டென்று தோன்றவில்லை. சவரிமுத்துதான் முன்னால் வந்தான்.

“அக்கா, ஐசொலேட்டர அமத்துனதும் வலது கைய முதுகுக்குப் பின்னால கட்டிக்கங்க. இடது கையில மீட்டர். அது சைபர் காட்டுற வரைக்கும் வலது கை முன்னால வரக் கூடாது.”

அன்றிலிருந்து அவன் தினமும் வந்தான். ஒருவருக்கு ஒரு நாளில் ஐந்து முறை என்று கணக்கு வைத்தோம். இருக்கிற ஒரு மீட்டர் கைமாறிக்கொண்டே இருந்தது. சிலருக்கு நாலு நாளில் வந்துவிட்டது. முத்துமாரிக்குப் பத்து நாள் ஆனது. இவருக்கு வராதோ என்றுகூட நான் நினைத்ததுண்டு.

5. ஏழாவது ஸ்ட்ரிங்

இரண்டாம் முறை நேர்முகத்துக்கு முப்பது பேரையும் நானே கூட்டிக்கொண்டு போனேன். பிளாண்ட் என்ஜினியர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், எப்போதும் அவசரத்தில் இருப்பவர். எங்களைக் கொட்டகையில் நிறுத்திவிட்டு, ஒவ்வொருவராக இருபது அடி தள்ளியிருந்த பாக்ஸுக்குக் கூட்டிப்போனார். ஒவ்வொருவரும் ஒவ்வொரு ஃபியூஸை எடுத்துக் காட்ட வேண்டும்.

முத்துமாரிக்குச் சொன்னது ஏழாவது ஸ்ட்ரிங்கின் ஃபியூஸ். ஐசொலேட்டரை ஆஃப் செய்தார். வலது கை பின்னால் போனது. மீட்டரை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். பிறகு அப்படியே நின்றார். வெகுநேரம் நின்றார். பயத்தில் உறைந்துவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன்.

“ஐசொலேட்டர் ஆஃப்ல தானுங்க இருக்கு? எடுங்க” என்றார் என்ஜினியர்.

“ஏழாவதுல மட்டும் ரெண்டு ஆம்ப்ஸ் கரண்ட் ஓடுது சார்.”

“மீட்டர் சில சமயம் அப்படித்தானுங்க காட்டும். எடுங்க, இன்னும் ஆளுங்க இருக்காங்க.”

முத்துமாரி பாக்ஸின் கதவைச் சாத்திவிட்டு இரண்டடி பின்னால் வந்தார். அவர் சொன்னது கொட்டகைவரை எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது.

“வேல குடுக்காட்டியும் பரவாயில்ல சார். இத நான் எடுக்க மாட்டேன்.”

என்ஜினியர் எரிச்சலோடு தன் மீட்டரைக் கொண்டுவரச் சொல்லி, கதவைத் திறந்து தானே அளந்தார். இரண்டு முறை அளந்தார். பிறகு கதவைப் பூட்டிவிட்டுக் கண்ட்ரோல் ரூமுக்குப் போன் செய்தார். ஏழாவது ஸ்ட்ரிங்கில் எங்கோ பழுது. அதனால் மற்ற ஸ்ட்ரிங்குகளின் கரண்ட் அதற்குள் திரும்பி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. ஐசொலேட்டரை அமர்த்தினாலும் அது நிற்காது. அந்த ஃபியூஸை இழுத்திருந்தால் முகத்துக்கு நேரே நெருப்பு வந்திருக்கும். அது காலையிலிருந்தே இருந்த பழுதா, அப்போது வந்ததா என்று அவருக்கே தெரியவில்லை. மீதிப் பேரை வேறு பாக்ஸுக்கு மாற்றினார். முத்துமாரியிடம் பாராட்டாக ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது பெயரை மட்டும் மறுபடி கேட்டு எழுதிக்கொண்டார்.

முப்பது பேரில் நாலு பேரை எடுத்தார்கள். முத்துமாரியும் மூன்று ஆண்களும். பன்னிரண்டு இடம் காலி என்று சொல்லியிருந்தார்கள்; எட்டு இடத்துக்கு மறுபடியும் வெளியிலிருந்தே ஆள் வந்தது. திருச்சுழிப் பக்கத்துப் பையன் ஒருவன், என் வகுப்பில் எல்லாரையும்விடக் கை பழகியவன், ஆங்கிலத்தில் தினசரி வேலைக் குறிப்பு எழுதத் தெரியாததால் வாய்ப்பை இழந்தான். அதையும் நான் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

6. அதற்குப் பிறகு

அந்த மூன்று ஆண்களில் இரண்டு பேர் ஒரு வருடத்துக்குள் குஜராத்துக்கும் ராஜஸ்தானுக்கும் போய்விட்டார்கள். என்னைப் பார்க்கும்போதெல்லாம் என்ஜினியர் குறைப்படுகிறார், தேற்றி விட்டால் பறந்துவிடுகிறார்கள் என்று. நம் ஊர் ஆளை வெளி மாநிலத்துக்காரன் தேடுகிறான் என்றால் எனக்குச் சந்தோஷம்தான் என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். முத்துமாரி அதே பிளாண்டில் இருக்கிறார். புதிதாகச் சேர்கிறவர்களை இப்போது அவரிடம்தான் விடுகிறார்கள். கருவிகள் கடைசியில் வந்து சேர்ந்தன. பிரபாகர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சவரிமுத்துவை மையத்திலேயே பயிற்றுநராக எடுத்துக்கொண்டார். அவன் என்னோடு பழையபடி பேசுவதற்கு மட்டும் இன்னும் கொஞ்ச காலம் ஆனது.

பயிற்றுநர் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள், ஒருவருக்குத் தொழில் வந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று என்னிடம் கேட்கிறார்கள். பரீட்சை மார்க்கை நான் நம்புவதில்லை. என் கையெழுத்தையும் அவ்வளவாக நம்புவதில்லை. ஒரு சான்றிதழில் கையெழுத்துப் போட்டால், அந்த ஆள் வேலைக்குச் சேர்ந்து முதல் மாதம் முடிகிறவரை எனக்கு இருப்புக் கொள்ளாது. நானே போன் செய்வேன். சாப்பாடு, தங்குமிடம், சம்பளம் எல்லாம் அவர்களே சொல்லிவிடுவார்கள். நான் கேட்பது ஒன்றுதான்.

“செய்யச் சொன்ன எதையாவது மாட்டேன்னு சொன்னியா?”

சொன்னேன் சார், இன்ன காரணத்துக்காகச் சொன்னேன் என்று பதில் வந்தால் போனை வைத்துவிடுவேன். அப்படி ஒன்றும் வரலையே சார் என்றால், அடுத்த வாரமும் கூப்பிடுவேன்.