நாலாவது விசில்

பக்கத்து மனைக்காரர் செய்தது தப்பு. கோட்டாற்றில் எங்கள் சமையலறைக்கு எதிரே இரண்டடிகூட விடாமல் மூன்று மாடி எழுப்பி, கை நீட்டினால் தொடும் தூரத்தில் ஜன்னல் வைத்தார். மாநகராட்சிக்கு ஆறு மனு எழுதினேன்.

அடைக்கச் சொல்லி மாநகராட்சி உத்தரவு போட, இன்று காலை அந்த ஜன்னலை அடைக்கக் கொத்தனார் வந்துவிட்டார்.

முட்டுவலியால் வாசல் தாண்டாத என் மனைவி சமையலறையில் நின்றாள். எதிர் ஜன்னலில், அங்கே வாடகைக்கு இருக்கும் ரஹீமா. எங்கள் குக்கர் விசிலை எண்ணுவது அவள்தான். இன்றும் குரல் கொடுத்தாள்.

"மாமி, நாலு விசிலு ஆச்சு. அணைங்க!"

மனைவி அடுப்பை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இத அடைச்சாச்சுன்னா நான் யாருகிட்ட பேச? நீங்க மனுவுலல்லா பேசுவீங்க."

ரஹீமா சிரித்துவிட்டாள். எனக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

கொத்தனாருக்குச் சாயா கொடுத்துத் திருப்பி அனுப்பினேன். ஆனால் என் ஆறு மனுவும் சரிதான், ஒரு வரியையும் மாற்ற மாட்டேன்.

இனி கட்டுகிறவர்கள் இடம் விட வேண்டும். மாநகராட்சி வந்து அளக்க வேண்டும். மனைக்காரர் இந்த ஜன்னலை மட்டும் இப்படியே விட வேண்டும். ரஹீமா விசிலை எண்ண வேண்டும்.

அடைக்கக் கூடாது என்று ஏழாவது மனுவை நான் எழுத வேண்டும். எப்படித் தொடங்குவது என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.