ஐந்து மேசைக்கரண்டி உப்புத் தண்ணீர்

சமையல் குறிப்பு எழுதத் தொடங்கியபோது எனக்கு இருபத்தொன்பது வயது. ஒரு பெண்கள் மாத இதழில் வந்த தொதல் இனிப்புக் குறிப்பைப் பார்த்துச் செய்தேன். அது இறுகவே இல்லை. எத்தனை மணித்தியாலம் கிண்டினேன், எவ்வளவு சர்க்கரை, எவ்வளவு தேங்காய்ப்பால் என்று எல்லாவற்றையும் எழுதி இதழுக்கு முறைப்பாடு அனுப்பினேன். அவர்கள் என் கடிதத்தையே திருத்திய குறிப்பாகப் போட்டுவிட்டு, இன்னொன்று எழுத முடியுமா என்று கேட்டார்கள். மாதம் ஒன்றாக எழுதினேன். பிறகு உணவுப் பக்கங்கள் முழுவதையும் பார்த்தேன். இப்போது பதினொரு வருடங்களாக அந்த இதழின் ஆசிரியர் நான்தான். இதழ் கொழும்பில் அச்சாகிறது. நான் உப்பளங்கள் சூழ்ந்த பாலாவியில் வீட்டுப் பின்னறையில் இருந்து வேலை செய்கிறேன். சந்தியில் லொறிகள் திரும்பும் சத்தம் பகல் முழுக்கக் கேட்கும். அது நின்றால்தான் தலையைத் தூக்கிப் பார்ப்பேன்.

என் வேலைமுறை எளிது. ஒரு குறிப்பை அச்சுக்கு அனுப்புமுன் என் குசினியில் மூன்று தரம் சமைப்பேன். திகதி, அடுப்பு, சட்டியின் அகலம், ஆறிய பிறகு நிறை, எல்லாம் கொப்பியில் ஏறும். அளவு சொல்லத் தெரியாதவர்களிடம் குறிப்பு வாங்க வேண்டுமானால் தராசோடு அவர்கள் வீட்டுக்குப் போவேன். அவர்கள் வழக்கம் போலப் பிடி பிடியாக அள்ளிப் போடட்டும். அரிசிப் பாத்திரத்தையும் பால் கோப்பையையும் போடுமுன் ஒரு தரம் நிறுப்பேன், போட்டபின் ஒரு தரம் நிறுப்பேன். குறைந்தது எவ்வளவோ அதுதான் அளவு. "அப்ப எண்ட கையையும் ஒருக்கா நிறுத்துப் பாருங்களன்" என்று ஒருவர் கையைத் தராசில் வைத்தும் இருக்கிறார்.

சென்ற வருடம் நோன்பு இதழுக்காக இறால் கஞ்சி ஒன்றைத் தேடிக் கரையோர ஊரான மாம்புரிக்குப் போனேன். அந்த வீட்டுப் பெண் என்னைவிட இரண்டு வயது இளையவர். என்னை ராத்தா என்று கூப்பிடுவார். அக்கா என்பதற்கு எங்கள் சொல். அவருடைய கஞ்சியை எனக்கு முன்பே தெரியும். இறாலின் தலையையும் உரித்த கோதையும் அவித்து வடித்த தண்ணீரில் அரிசியை வேகவைத்து, கடைசியில் முதற்பாலும் மிளகும் சேர்ப்பார். பல முறை கேட்டும் தராதவர் இந்த முறை உடனே சம்மதித்தார். காரணம் இருந்தது. அவருடைய மகளுக்குக் கொழும்பில் சம்பந்தம் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் எங்கள் இதழைத் தவறாமல் வாசிப்பவர்.

"எண்ட பேரு போட வேணாம் ராத்தா. மாம்புரிக் கஞ்சி எண்டு மட்டும் போடுங்க. அவங்களுக்கு விளங்கும்" என்றார்.

அன்று எல்லாவற்றையும் நிறுத்தேன். உப்புக்கு மட்டும் தராசு தேவைப்படவில்லை. எங்கள் பகுதிக் குசினிகளில் உப்பைக் கல்லாகப் போடுவதில்லை. உப்பளத்திலிருந்து வரும் உப்பில் மண் இருக்கும். அதனால் அதை ஒரு போத்தலில் போட்டுத் தண்ணீர் ஊற்றி வைப்போம். மண் அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்து நிற்கும் உப்புத் தண்ணீரைத்தான் கறிக்கும் கஞ்சிக்கும் ஊற்றுவோம். அவர் ஊற்றியதை இடைமறித்துக் கரண்டியால் அளந்தேன். "உப்புத் தண்ணீர் ஐந்து மேசைக்கரண்டி" என்று எழுதினேன். பிறகு வீட்டில் என்னுடைய போத்தலிலிருந்து அதே அளவு ஊற்றி மூன்று தரம் சமைத்தேன். மூன்று தரமும் உப்பு அச்சொட்டாக இருந்தது. நோன்பு தொடங்க இரண்டு நாள் இருக்க இதழ் வெளிவந்தது.

நோன்புக் கஞ்சிக்கு உப்பளவு மற்றச் சமையலைவிட முக்கியம். ஆக்குகிறவரும் நோன்பு. பின்னேரம் அசர் தொழுகை நேரத்தில் சட்டியை இறக்கும்போது நாக்கில் வைத்துப் பார்க்கப் பலரும் விரும்புவதில்லை. சூரியன் மறைந்து மஃரிப் பாங்கு சொன்ன பிறகுதான் உப்பு கூடவா குறையவா என்று தெரியும். அப்போது சுற்றிவர எல்லாரும் கோப்பையோடு இருப்பார்கள்.

நான்காம் நோன்பு காலையில் மாம்புரியிலிருந்து அழைப்பு வந்தது. ஸலாம் சொன்ன கையோடு கேட்டார்:

"ராத்தா, என்ன எழுதினீங்க நீங்க?"

"ஏன், என்ன நடந்த?"

"மாப்பிள்ளைட உம்மா நேத்து எண்ட கஞ்சிய ஆக்கியிருக்கா. நோன்பு திறக்க ஆக்கள வேற கூப்பிட்டிருக்கா. ஒருத்தரும் ரெண்டாம் வாய் வைக்கல்லயாம். கடல அள்ளிக் குடிச்ச மாதிரியாம். அவட தங்கச்சிமார் சிரிச்ச சிரிப்பு மகள்ட போனுக்கு வந்திரிக்கி."

"நான் மூணு தரம் ஆக்கிப் பாத்தனே."

"நீங்க ஆக்கினது பாலாவியில. அவ ஆக்கினது கொழும்புல. ரெண்டு மாசத்தில எண்ட புள்ள அந்த வீட்டுக்குப் போகுது. உம்மாக்காரிக்கு ஒரு கஞ்சி ஆக்கத் தெரியாது எண்டு அதுட காதுல விழாத நாள் இரிக்குமா? தராசத் தூக்கிக்கிட்டு வந்தீங்க. எதுக்கு வந்தீங்க?"

அவர் வைத்துவிட்டார். நான் அன்றே நான்காம் தரமாகக் கஞ்சி ஆக்கினேன். மஃரிபுக்குப் பிறகு என் கணவர் இரண்டு கோப்பை குடித்தார். "இதுல என்ன பிழை? இன்னம் இரிக்கா?" என்றார். கொப்பியில் அந்தத் திகதிக்குக் கீழே, "பிழை வாசகரிடம்" என்று எழுதினேன். அந்த வரி இன்னும் அங்கேதான் இருக்கிறது. அழிக்கவில்லை, மேலே கோடு மட்டும் கீறியிருக்கிறேன்.

ஆறாம் நோன்பன்று மாத்தளையிலிருந்து ஒரு வாசகி செய்தி அனுப்பினார். மாம்புரிக் கஞ்சி மணம் நல்லது, ஆனால் உப்பே இல்லை, விட்டுப்போனதா என்று கேட்டிருந்தார். அதை வாசித்தபோதுதான் எனக்கு உறைத்தது. கொழும்பில் வாயில் வைக்க முடியாத உப்பு. மாத்தளையில் உப்பே இல்லை. கவனமில்லாமல் ஆக்கினால் ஒரு பக்கம் பிழையாகலாம். ஒரே குறிப்பு இரண்டு பக்கமும் பிழையாகிறதென்றால் பிழை குறிப்பில் இருக்க வேண்டும். மாத்தளைக்கு அழைத்து, உப்புத் தண்ணீரை எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"ஒரு தேக்கரண்டி உப்ப ஒரு கப் தண்ணியில கரைச்சன் மிஸ். அப்படித்தானே?" என்றார் அவர். "எங்கட வீட்டில உப்புத் தண்ணி எண்டு தொண்டை கொப்பளிக்கத்தான் வைப்பம்."

போனை வைத்துவிட்டுக் குசினிக்குப் போய் என் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அடியில் மூன்று விரல் உயரத்துக்குக் கரையாத உப்பு கிடந்தது. அந்தப் படுகை இல்லாத போத்தலை எங்கள் பகுதியில் நான் பார்த்ததில்லை. குறைந்தால் இன்னொரு பிடி உப்புப் போட்டுத் தண்ணீர் ஊற்றுவோம்; யாரும் அதை யோசித்துச் செய்வதில்லை. அடியில் உப்புக் கிடக்கும்வரை மேலே உள்ள தண்ணீர் அதற்கு மேல் உப்பை ஏற்காது. ஆகவே பாலாவியிலும் மாம்புரியிலும் மதுரங்குளியிலும் அந்தத் தண்ணீரின் கரிப்பு ஒன்றுதான். அந்த நம்பிக்கையில்தான் நான் கரண்டிக் கணக்கு எழுதினேன். உப்பளத்தைக் காணாத வீட்டில் உப்புத் தண்ணீர் என்றால் அவரவர் கரைத்ததுதான். மிளகைக்கூட நிறுத்த நான், போத்தலுக்குள் என்ன இருக்கிறதென்று நிறுக்கவில்லை.

நிறுப்பதற்கு வழி கண் முன்னாலேயே இருந்தது. வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் உப்பளத்தில் அதைத்தான் தினமும் செய்கிறார்கள். அகலமான ஒரு தட்டை நிறுத்து, அதில் ஐந்து மேசைக்கரண்டி உப்புத் தண்ணீரை ஊற்றி, மெல்லிய துணியால் மூடி மாடிச் சுவரில் வெயிலில் வைத்தேன். மறுநாள் பகல் முழுக்கவும் காய விட்டேன். அசருக்குத் தட்டு வெள்ளை வெளேரென்று பொருக்காக இருந்தது. தட்டின் நிறையைக் கழித்தால் இருபத்து நான்கு கிராம். பக்கெற் தூள் உப்பில் அது தலைதட்டிய நான்கு தேக்கரண்டி.

அடுத்த நாள் ஒரு பக்கெற் தூள் உப்போடு மாம்புரிக்கு பஸ் ஏறினேன். வாசலில் என்னைக் கண்டவர் சிரிக்கவில்லை.

"இன்டைக்கு என்னத்த நிறுக்க வந்தீங்க?"

"எண்ட புத்திய" என்றேன்.

அவர் சிரிப்பை அடக்க வாயை இறுக்கிப் பார்த்தார், முடியவில்லை. கதிரையை இழுத்துப் போட்டார். நான் தட்டின் கதையைச் சொன்னேன். அவர் தன்னுடைய போத்தலை எடுத்து வந்து அடியில் கிடந்த உப்பைப் பார்த்தார்; பிறகு என்னைப் பார்த்தார்.

"இதுகூடத் தெரியாமலா கொழும்புல ஆக்குறாங்க?"

"அவங்களுக்கு நாம சொல்லல்லயே."

"நீங்க சொல்லல்ல" என்று திருத்தினார். "நான் எழுதல்ல. நான் ஊத்தினது மட்டும்தான்."

அது சரி. அன்று அவர் குசினியில் போத்தலைத் தொடாமல் நான்கு தேக்கரண்டி தூள் உப்பைப் போட்டுக் கஞ்சி ஆக்கினோம். நோன்பு திறக்கும் நேரம் வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இருந்தது, அவருக்கு இல்லை. மூன்று முறை மணிக்கூட்டைப் பார்த்தார். பாங்கு சொல்லி, பேரீச்சம்பழம் கடித்து, முதல் வாய் குடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு, "ஓம்" என்றார். "இது எண்ட கஞ்சிதான்."

மஃரிபு தொழுதுவிட்டு நானே கொழும்புக்கு அழைத்தேன். அவரும் மகளும் கேட்கும்படி போனைப் பாயில் வைத்தேன். நான் யார் என்று சொல்லி, கஞ்சி கெட்டதற்கு நான் எழுதிய குறிப்பே காரணம் என்றும், மாம்புரிக் கையில் ஒரு பிழையும் இல்லை என்றும் சொன்னேன்.

"அப்ப அஞ்சு கரண்டி உப்பு இல்லயா?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் தாயார்.

"நீங்க எவ்வளவு போட்டீங்க?"

"அஞ்சு மேசைக்கரண்டி உப்ப, கரையிற அளவு தண்ணியில கரைச்சி ஊத்தினன். குமிச்சிப் போட்டன் வேற. எனக்கும் மனசுக்குள்ள ஒரு மாதிரித்தான் இரிந்திச்சி. எண்டாலும் மருமகள்ட உம்மாட குறிப்பாச்சே, மாத்தினா அவங்களக் குறை சொன்ன மாதிரி ஆகிடும் எண்டு அப்படியே போட்டன்."

பாயில் உட்கார்ந்திருந்த மாம்புரித் தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மகள் எழுந்து உள்ளே ஓடிவிட்டாள். உள்ளே இருந்து அவள் சிரிப்பது கேட்டது. பிறகு இரண்டு தாய்மாரும் நேரடியாகக் கதைத்தார்கள். இறாலை எங்கே வாங்குவது என்பதிலிருந்து கலியாண நாளுக்கு எத்தனை பேர் வருவார்கள் என்பது வரை கதை போனது.

திருத்தத்தை அன்றே இதழின் முகநூல் பக்கத்தில் போட்டேன். அச்சிலும் போட வேண்டும் என்றேன். நோன்பு முடியும் நேரத்தில் நோன்புக் கஞ்சிக்குத் திருத்தமா என்று உரிமையாளர் கேட்டார். கொப்பியில் ஒட்டி வைப்பவர்கள் அடுத்த வருடமும் ஆக்குவார்கள் என்றேன். அடுத்த இதழின் முன்னட்டை உட்பக்கத்தில், கட்டம் கட்டி, என் பிழை என்ற சொற்களோடு வந்தது.

இருபத்தோராம் நோன்பன்று கொழும்பில் அதே ஆட்களை மறுபடி அழைத்து அதே கஞ்சியை ஆக்கினார்கள். மறுநாள் மாம்புரியிலிருந்து எனக்குச் செய்தி வந்தது: சட்டி வழித்துக் கழுவியாச்சாம், அவட தங்கச்சிமார் குறிப்புக் கேட்டாங்களாம், இனிப் பெருநாளைக்கு வட்டிலப்பம் எப்படி என்று மாப்பிள்ளையின் தாயார் கேட்கிறாராம்.

"எழுதுங்க ராத்தா" என்றார் அவர். "ஆனா அச்சுக்குப் போக முந்தி எனக்குக் காட்டணும்."

இருபத்துமூன்று வருடங்களில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. நானும் யாருக்கும் காட்டியதில்லை. என் மூன்று தரச் சமையல் போதும் என்று இருந்துவிட்டேன். முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவிக்கும் அந்த வட்டிலப்ப இனிப்பின் குறிப்பை, அச்சுப் படியாகப் பெருநாளுக்கு நான்கு நாள் முன்பு அனுப்பினேன். ஒரு மணித்தியாலத்தில் படம் பிடித்துத் திருப்பி அனுப்பினார். "மிதமான நெருப்பில் நாற்பது நிமிடம் அவிக்கவும்" என்ற வரியை வெட்டியிருந்தார். ஓரத்தில் நீல மையில், "மிதமெண்டா எது? என்னுடையது விறகடுப்பு. நடுவில் ஈர்க்குக் குத்தி எடுத்தால் ஒட்டக்கூடாது என்று போடுங்கள்" என்று எழுதியிருந்தது.

அப்படியே போட்டேன்.