மெல்ல ஓடின பாட்டு

ரெக்கோடிங் பார் நடத்திறவைக்கு உலகத்திலை ஒரேயொரு பகையாளிதான்: நல்ல பாட்டொண்டைக் கேட்டுப்போட்டு அதைத் தன்னோடை வைச்சிருக்க ஏலாத மனுசன். உங்களுக்கும் உப்பிடி ஒராளைத் தெரிஞ்சிருக்கும். கசற் ஒண்டைக் கையிலை திணிச்சுப்போட்டுப் போவார். அடுத்த நாள் விடியவே படலையடியிலை நிண்டு எப்பிடி இருந்தது எண்டு கேப்பார். நல்லா இருக்கெண்டு சொன்னால் இன்னும் நாலு கசற் வரும். சரியில்லை எண்டால் கோவம் வரும். ரெண்டுக்கும் நடுவிலை தப்பிறதுக்கு வழி இருந்தால் எனக்கும் சொல்லுங்கோ.

எங்கடை கடை கொக்குவிலிலை, தண்டவாளத்துக்குக் கிட்ட. துவங்கினது என்ரை மனுசன். விசா அலுவலா கொழும்புக்குப் போனவர், சண்டையிலை பாதை பூட்டினதோடை அங்கையே நிண்டிட்டார். எனக்குப் பாட்டிலை பெரிய விசர் ஒண்டும் இல்லை. கடையைப் பூட்டினால் உள்ளை இருக்கிற சாமானை ஆரும் தூக்கிக்கொண்டு போடுவினம் எண்ட பயத்திலைதான் திறந்து வைச்சிருந்தனான். கரண்ட் நிண்டு கனகாலம். புதுக் கசற்றும் இல்லை, பற்றறியும் வராது. சனம் வீட்டிலை கிடக்கிற பழைய கசற்றைக் கொண்டுவந்து, அதை அழிச்சு அதுக்கு மேலை பாட்டு அடிச்சுத் தரச் சொல்லும். இப்பிடித்தான் கடை ஓடினது.

கேட்டனீங்களோ?

ரியூசன் மாஸ்டர் ஒருத்தர் இருந்தார். கணக்குப் படிப்பிக்கிறவர். சுன்னாகம், கரவெட்டி எண்டு சைக்கிளிலை திரிஞ்சு வகுப்பெடுப்பார். போற வீடுகளிலை என்ன கசற்றைக் கண்டாலும் இரவல் வாங்கிக்கொண்டு வந்திடுவார். படப் பாட்டு அவருக்கு ஆகாது. ஆர் பாடினதெண்டு தெரியாத பாட்டுத்தான் அவருக்குப் பாட்டு. செத்த வீட்டிலை ஆரோ மாமா பாடினது, தேவாலயத்திலை பிள்ளையள் சேர்ந்து பாடினது, அறைக்குள்ளை கதவைச் சாத்திப்போட்டு ஆரோ தனிய இருந்து முணுமுணுத்தது. பின்னாலை கோழி கூவிச்சுதெண்டால் மாஸ்டருக்கு இன்னும் சந்தோசம், கலப்படம் இல்லாத பாட்டு எண்டுவார்.

ஒருநாள் உச்சி வெயிலுக்கை வேர்த்து ஒழுக வந்து, லேபிள் இல்லாத கசற் ஒண்டை மேசையிலை வைச்சார். கரவெட்டியிலை ஒரு வீட்டிலை கேட்டவராம். எங்கடை கடை மாதிரி அங்கையும் சைக்கிள் டைனமோவைச் சுத்தித்தான் போட்டுக் காட்டினவையாம், உழக்கின ஆள் களைச்சுப் பாதியிலை விட்டிட்டாராம். பாடினது ஆரெண்டு அந்த வீட்டுக்காரருக்கும் தெரியாதாம், அவைக்கு வேறை ஆரோ குடுத்ததாம். எனக்கு ஆயிரம் சோலி கிடந்தது. பிறகு கேக்கிறன் எண்டன். மாஸ்டர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்திட்டார்.

"நீங்கள் கேட்டு முடியுமட்டும் நான் எழும்பன், தங்கச்சி."

ரயில் இல்லாத கேற் கீப்பர்

எங்கடை கடைக்குக் கரண்ட் ஆரெண்டு சொல்ல வேணும். சின்னராசா அண்ணை. ரயில் கடவையிலை கேற் பூட்டித் திறந்தவர். ரயில் நிண்டதோடை அவற்றை வேலையும் நிண்டுபோச்சு. வீட்டிலை சும்மா இருக்க ஏலாமல் கடைக்கு வந்தார். பின் சில்லைத் தூக்கி ஸ்ராண்டிலை நிப்பாட்டின சைக்கிளிலை ஏறி இருந்து உழக்குவார். டைனமோ சுத்தும், பாட்டுப் போடுற பெட்டி அதிலை ஓடும். பதியிற பெட்டிக்கு மட்டும் நான் பொத்திப் பொத்தி வைச்சிருந்த பற்றறி.

இதிலை ஒரு கரைச்சல் இருந்தது. பிடிக்காத பாட்டெண்டால், சனியன் துலையட்டும் எண்டு அண்ணை கெதியா உழக்குவார். பிடிச்ச பாட்டெண்டால் அவற்றை கால் தன்பாட்டிலை தளந்துபோகும். பெட்டியும் அதுக்கேத்த மாதிரித்தான் ஓடும். பக்திப் பாட்டு அடிச்சுக்கொண்டு போன ஒரு மனிசி, பாடுற ஐயாவுக்குச் சளி பிடிச்சிருக்கெண்டு திருப்பிக் கொண்டுவந்து போட்டிட்டா. அண்ணைக்குப் பக்தி கூடிப்போச்செண்டு அவவுக்கு என்னெண்டு சொல்லிறது?

மாஸ்டர் கொண்டுவந்த கசற்றைப் போட்டம். முதல் வரியோடையே அண்ணையின்ரை கால் தளந்துது. கிணத்துக்குள்ளை இருந்து வாசிக்கிற மாதிரி ஒரு கிற்றார். அதோடை ஒரு ஆம்பிளைக் குரல், அடித்தொண்டையிலை இருந்து:

சைக்கிள் வந்தது, நீ வரேல்லை.
ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?

இதேதான் திரும்பத் திரும்ப. ஆரோ சைக்கிளை மட்டும் கொண்டுவந்து மதிலிலை சாத்திப்போட்டுப் போயிருக்கினம், அதை ஓடிக்கொண்டு போன ஆள் வரேல்லை. பாட்டிலை ஆற்றை பேரும் இல்லை, ஆரையும் குற்றம் சொல்லவும் இல்லை. அப்பிடிச் சைக்கிள் மட்டும் வந்த வீடு எங்கடை ஒழுங்கையிலையே இருந்தது. பாட்டு முடிஞ்சும் சின்னராசா அண்ணை சைக்கிளை விட்டு இறங்கேல்லை.

"எந்தத் தாய் பெத்த பிள்ளையோ, தங்கச்சி."

அழிச்சுப்போட்டு அடியுங்கோ

அதுக்குப் பிறகு மாஸ்டர் வாய் மூடவே இல்லை. போற வீடெல்லாம் சொன்னார். அந்த வீட்டுக்காரர் பக்கத்து வீட்டுக்குச் சொல்லிச்சினம். வாறவை எல்லாம், அந்தப் பெடியன் பாடினதை அடிச்சுத் தாங்கோ எண்டு கேட்டு வந்தினம். ஆர் பெடியன், எந்த ஊர் எண்டு கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. படப் பாட்டுக்குப் பாடினவர், இசையமைச்சவர் எண்டு ஆயிரம் விபரம் கேக்கிற சனம், இதுக்கு ஒரு விபரமும் கேக்கேல்லை. நான் இதைக் கன நாள் யோசிச்சனான். படப் பாட்டு எல்லாருக்கும் பொதுவாப் பாடுறது. இது ஆரோ ஒருத்தர் ஒருத்தருக்கும் பாடாமல், தன்ரை வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு பாடினது. ஒட்டுக்கேட்ட எங்களுக்குத்தான் அது எங்கடை பாட்டாப்போச்சு.

கசற்றின்ரை மேல் விளிம்பிலை இருக்கிற சின்னத் தகட்டை உடைச்சு வைச்சால் அதிலை ஒருத்தரும் பதிய ஏலாது. கவனமா வைச்சிருக்க வேண்டிய கசற் எல்லாத்துக்கும் அப்பிடி உடைச்சுத்தான் வைச்சிருப்பினம். இப்ப அதையே கொண்டுவந்து நீட்டிச்சினம். திரும்பப் பதியிறதுக்கு அந்த ஓட்டையளுக்குக் கடுதாசி ஒட்டி ஒட்டி என்ரை விரல் எல்லாம் பசை. ஒரு மனிசி கொண்டுவந்தது அவவின்ரை கலியாண வீட்டுக் கசற். மேளச் சத்தம், தாலி கட்டினது, மாப்பிள்ளை கதைச்சது எல்லாம் கிடக்குது. இதை அழிக்க எனக்கு மனம் வரேல்லை, வேறை ஒண்டு கொண்டு வாங்கோ எண்டன். அவ அசையேல்லை.

"என்ரை கலியாணம் எனக்கு ஞாபகம் இருக்கு. நீங்கள் அழிச்சுப்போட்டு உதை அடியுங்கோ."

விசாரிக்க வந்தவை

சுன்னாகத்திலை ஒரு வாசிகசாலையிலை இதை ஸ்பீக்கர் கட்டிப் போட்டிருக்கினம். அந்தக் கிழமையே ரெண்டு பேர் கடைக்கு வந்தினம். எந்தப் பக்கத்து ஆக்கள் எண்டு என்னைக் கேக்காதேங்கோ. எங்கடை ஊரிலை பற்றறிக்குப் பஞ்சம், மண்ணெண்ணெய்க்குப் பஞ்சம், விசாரிக்கிற ஆக்களுக்கு மட்டும் ஒருநாளும் பஞ்சம் வரேல்லை. மூத்தவர் கதைச்சார். இளையவர் அலுமாரியிலை இருந்த கசற்றுகளைப் பார்த்துக்கொண்டு நிண்டார்.

பாடின பெடியன் ஆர், எங்கை இருக்கிறான், ஆரிட்டைக் கேக்கிறதெண்டு பாடுறானே, ஆரிட்டைக் கேக்கிறான் எண்டு விசாரிச்சார். எனக்குச் சத்தியமாத் தெரியாது, அதைத்தான் சொன்னன். இனி அந்தப் பாட்டை அடிக்க வேண்டாம் எண்டு சொல்லுவார் எண்டு பார்த்தன். அவர் அதைச் சொல்லேல்லை. அதுதான் எனக்குக் கூடப் பயமா இருந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளிக்கிடேக்கை ஆறுதலாத் திரும்பிச் சொன்னார்.

"நீங்கள் அடியுங்கோ, அக்கா. பாடினவன் ஒருநாளைக்கு இஞ்சை வருவான். தன்ரை பாட்டு ஓடுற இடத்துக்கு வராமல் இருக்க ஆராலையும் ஏலாது."

பாட்டுக்குச் சொந்தக்காரி

அடுத்த நாள் வந்தது பெடியன் இல்லை. இருபது வயதிருக்கும், ஒரு பெட்டை. கரவெட்டியிலை இருந்து சைக்கிள் உழக்கி வந்திருக்கிறா, முகம் முழுக்கப் புழுதி. வந்ததும் வராததுமா என்னோடை கொழுவத் துவங்கினா. பாட்டைக் கட்டினது தானாம். தம்பி காணாமல் போய், அவன்ரை சைக்கிள் மட்டும் வீட்டுக்கு வந்தாப் பிறகு, அவன்ரை கிற்றாரிலை அறாமல் கிடந்த மூண்டு நரம்பை வைச்சுக்கொண்டு தானே பாடிப் பதிஞ்சதாம். சிநேகிதி ஒருத்திக்குக் கேக்கக் குடுத்ததாம். சுன்னாகச் சந்தைக்கு வந்த இடத்திலை வாசிகசாலை ஸ்பீக்கரிலை ரெண்டு வரி காதிலை விழுந்திருக்கு, எங்கை அடிச்சதெண்டு விசாரிச்சுக்கொண்டு எங்கடை கடைக்கு வந்திட்டா. ஆரோ ஒரு ஆம்பிளை தன்ரை பாட்டைக் களவெடுத்துப் பாடிப் பேர் வாங்கிறானாம், அவனை இப்பவே காட்டட்டாம். பாடினதாவது ஒழுங்காப் பாடினானோ? தான் பாடினது ஏசுற பாட்டாம், உவன் ஒப்பாரி மாதிரி இழுக்கிறானாம்.

சின்னராசா அண்ணைக்குத்தான் முதல் விளங்கினது. மாஸ்டர் தந்த கசற்றைப் பெட்டியிலை போட்டிட்டுச் சைக்கிளிலை ஏறி, ரயில் வாற நேரம் கேற்றடிக்கு ஓடுற ஆள் மாதிரி உழக்கினார். பெட்டிக்குள்ளை இருந்த ஆம்பிளையின்ரை குரல் ஏறி ஏறி, மெலிஞ்சு, கடைக்குள்ளை நிக்கிற பெட்டையின்ரை குரலாப்போச்சு. அவவின்ரை கோவமும் அப்பிடியே அதுக்குள்ளை இருந்தது. களவெடுத்தவன் எண்டு ஏசினது தன்ரை குரலைத்தான் எண்டு பெட்டைக்கு விளங்கினது. பிறகு, இனி இந்த வேகத்திலை அடியுங்கோ, லேபிளிலை என்ரை பேரையும் தம்பியின்ரை பேரையும் போடுங்கோ எண்டா. பேரைக் கண்டால் அவனைக் கண்ட ஆரும் வந்து சொல்லுவினமாம். அதுக்குத்தானாம் பாட்டே கட்டினது.

முதல் நாள் வந்தவையைப் பற்றிச் சொன்னன். அவை பெடியன் ஒருத்தனைத் தேடுகினம், அந்த மட்டிலை நீர் தப்பினீர், பேரைப் போட்டால் நாளைக்கு உம்மடை சைக்கிளும் தனியத்தான் வீட்டுக்கு வரும் எண்டன். அவ என்னை நேர பார்த்தா.

"தேடட்டும், அக்கா. நானும் தேடிக்கொண்டுதானே இருக்கிறன்."

ஆறுதலா உழக்குங்கோ

அவ சொல்லி வாய் மூடேல்லை, அதுக்குள்ளை படலையடியிலை ரெண்டு சைக்கிள் வந்து நிண்டுது. அதே ஆக்கள். பின்பக்கத்தாலை போக வழியில்லை. நான் ஒரு பழைய கசற்றையும் கடுதாசித் துண்டையும் பெட்டையின்ரை கையிலை குடுத்து, கடையிலை வேலை செய்யிற ஆள் மாதிரி இருந்து ஓட்டையை ஒட்டும் எண்டன். மூத்தவர் உள்ளை வந்து, அடிச்ச கசற் வேண்டாம், முதல் வந்த கசற்றைப் போடுங்கோ எண்டார். குரலை வடிவாக் கேட்டு ஆளை மட்டுக்கட்ட வேணுமாம். அது பெட்டிக்குள்ளைதான் கிடந்தது. ஒளிக்க நேரம் இல்லை.

இப்ப என்ரை நிலைமையை யோசிச்சுப் பாருங்கோ. சின்னராசா அண்ணைக்குப் பயம் வந்தால் கால் பறக்கும். கால் பறந்தால் பெட்டிக்குள்ளை பெட்டை பாடுவா. அந்தப் பெட்டை மேசையிலை இருந்து கடுதாசி ஒட்டுறா. அண்ணை ஏறி உழக்கத் துவங்கினார். ஆம்பிளைக் குரல் சாடையா மேலை ஏறிச்சுது. இளையவர் தலையை நிமித்தினார். பெட்டையின்ரை கையிலை கடுதாசி கசங்கிச்சுது. நான் எனக்குத் தெரிஞ்ச சாமி எல்லாத்தையும் கூப்பிட்டன். தெரியாத சாமியையும் விடேல்லை. கடைசியிலை என்ரை வாயிலை வந்தது, அண்ணை, களைச்சால் ஆறுதலா உழக்குங்கோ, தேத்தண்ணி வைக்கிறன் எண்ட கதைதான். அண்ணை என்னைப் பார்த்தார், கண்ணை மூடினார். என்னத்தை நினைச்சாரோ தெரியாது, கால் தளந்துது. குரல் மெல்ல இறங்கிச்சுது. பாட்டை அந்த ஆம்பிளைதான் பாடி முடிச்சான்.

மூத்தவர் எழும்பினார். கதைக்கிற விதம் கரவெட்டிப் பக்கம்தான், ஆளைக் கண்டால் சொல்லுங்கோ எண்டு போட்டு வெளியிலை போனார். இளையவர் பின்னுக்கு நிண்டார். பெட்டையை ஒருக்கால் பார்த்தார். பிறகு என்ரை பக்கமாக் குனிஞ்சார்.

"எனக்கும் ஒண்டு அடிச்சு வையுங்கோ, அக்கா. அவருக்குச் சொல்ல வேண்டாம்."

அம்மாவுக்கு ஒண்டு

அவை ஒழுங்கை திரும்புமட்டும் நான் படலையைப் பார்த்துக்கொண்டு நிண்டன். பயம் தெளிஞ்சால் எனக்கு வாய் நீளும். பெட்டையை நல்லா ஏசினன். பேரும் வேண்டாம், ஊரும் வேண்டாம், இந்தக் கசற்றைக் கொண்டுபோய் எங்கையாவது மண்ணுக்கை தாட்டுப்போடும், ஒரு பிள்ளையைத் துலைச்ச தாய்க்கு ரெண்டாவதையும் துலைக்கிற எண்ணமோ எண்டன். பதிலுக்குச் சண்டை பிடிப்பா எண்டு பார்த்தன், பிடிக்கேல்லை. சின்னராசா அண்ணையைப் பார்த்து, இப்ப உழக்கின மாதிரியே இன்னொருக்கால் உழக்குவியளோ எண்டு கேட்டா.

அண்ணை உழக்கினார். அவ மேசையிலை தலையை வைச்சுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டா. அழுதாவோ எண்டு நான் பார்க்கேல்லை, நான் அழுதன். பிறகு எழும்பி, முகத்தைத் துடைச்சுப்போட்டு, ஓட்டை ஒட்டின அந்தப் பழைய கசற்றை என்னட்டை நீட்டினா.

"அம்மாவுக்கு ஒண்டு இப்பிடியே அடிச்சுத் தாங்கோ, அக்கா. மெல்ல ஓடேக்கை அது தம்பியின்ரை குரல்."

தொழில் தெரிஞ்ச ஆக்கள் ஒருத்தரும் அப்பிடி வேகம் பிழைச்ச ஒரு கசற்றைக் கடையை விட்டு வெளியிலை போக விடமாட்டினம், நல்ல காலம், எங்கடை கடையிலை தொழில் தெரிஞ்ச ஆக்கள் ஒருத்தரும் இருக்கேல்லை.