காலைப் பிடித்தால் சேவிப்பவர்

மண்ணச்சநல்லூரில் ஒரு அரிசி ஆலைக்குப் பின்னால் தவிட்டுக் கொட்டகை காலியாகக் கிடந்தது. அதில் செம்மண் கொட்டி நான் குஸ்தி சொல்லிக்கொடுத்தேன். ஐம்பதுகளின் கடைசி. எனக்குச் சத்தமாகப் பேச வராது. பாடம் நடத்தும்போதும் தரையைப் பார்த்துத்தான் பேசுவேன். குஸ்தியில் அது குறையாகத் தெரியாது. பாதிப் பேர் தரையில்தான் கிடப்பார்கள்.

எங்கள் ஆட்களுக்கு ஒரே வியாதி. எதிராளி பாய்ந்து காலைப் பிடித்தால் மல்லாந்துவிடுவார்கள். போட்டியெல்லாம் அப்படியே தோற்றோம். ஆலை முதலாளி கூப்பிட்டுவிட்டார்.

"வாத்தியாரே, எனக்குத் தவிடு வைக்க இடமில்லை. ஞாயித்துக்கிழமையும் தோத்தீங்கன்னா கொட்டகையை விட்டுடுங்க."

சரிங்க என்றேன். வேறு இடம் கேட்டு ஒவ்வொரு வாசலாக நிற்பதை நினைத்தாலே எனக்கு வேர்த்தது.

ஞாயிறு இறங்க வேண்டியவர் ஸ்ரீரங்கத்துக்காரர். கோயில் மடப்பள்ளியில் அண்டா தூக்கித் தூக்கி உரமேறிய உடம்பு. கொள்ளிடம் பாலத்தில் சைக்கிள் மிதித்து வருவார். ஆனால் வைஷ்ணவர்கள் வழக்கப்படி, ஒருவர் விழுந்து சேவித்தால் பதிலுக்கு இவரும் விழுந்து சேவிக்க வேண்டும். அவர் எழும்வரை இவர் எழக்கூடாது. யாராவது காலுக்குப் பாய்ந்தால் போதும், "அடியேன்" என்று பக்கத்தில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்துவிடுவார். அப்புறம் அவரைப் புரட்டிப்போடுவது சுலபம்.

"காலைப் பின்னால உதறுங்க. நெஞ்சை அவன் முதுகுல போட்டு அமுக்குங்க" என்றேன்.

"சேவிக்கறவா முதுகுலயா? அபசாரம், சுவாமி!"

"அவன் சேவிக்கலைங்க. உங்களைக் கவுக்கப் பாக்கறான்."

"அது அவன் மனசுல இருக்கறது. நமக்கென்ன தெரியும்?"

ஆலையில் மூட்டை தூக்குகிற ஒருவர் சொன்னார்: "வாத்தியாரே, இவரைப் போட்டிக்கு அனுப்பாதீங்க. சம்பந்தி வீட்டுக்கு அனுப்புங்க."

சனிக்கிழமை எனக்கு வேறு வழி தெரியவில்லை. "சரி, சேவியுங்க. ஆனா பக்கத்துல விலகாதீங்க. நின்ன இடத்துலயே சேவியுங்க" என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "அதுக்குத் தடை ஒண்ணும் இல்லை."

ஞாயிற்றுக்கிழமை எதிராளியாக வந்த கோட்டைப் பக்கத்துப் பயில்வான் காலுக்குப் பாய்ந்தார். "அடியேன்!" என்று கொட்டகை அதிர்ந்தது. இவர் கால்கள் பின்னால் பறந்தன, நெஞ்சு அந்த முதுகில் இறங்கியது. பயில்வான் முகம் மண்ணில். இவர் கை இரண்டையும் முன்னால் நீட்டி அசையாமல் கிடந்தார்.

"எழுந்திருய்யா!" என்றது கீழிருந்த குரல்.

"தேவரீர் முதல்ல எழுந்தருளணும்."

"நீ மேல கிடந்தா நான் எப்படிய்யா எழுந்திருக்கிறது?"

"அடியேன் முந்திக்கப்படாது."

வேடிக்கை பார்த்த ஒருவர் வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தார். அப்போதும் அதே பேச்சுதான் நடந்துகொண்டிருந்தது. கடைசியில் பயில்வான் தோற்றேன் என்று மண்ணைத் தட்டினார். ஜெயித்ததாக அறிவித்த பிறகும் எங்கள் ஆள் எழவில்லை. மூட்டைக்காரர்கள் நாலு பேர் அவரை அப்படியே தூக்கி ஓரமாக வைத்தார்கள். பயில்வான் எழுந்து நின்றதும்தான் இவர் எழுந்து கைகூப்பினார்.

முதலாளி என்னிடம் வந்தார். "இது என்ன பிடிங்க?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். "காலைப் பிடிச்சா தப்பிக்கிறதுங்க" என்றேன்.

"நல்லாத்தான் இருக்கு. கொட்டகை இருக்கட்டும்."

மறுநாள் தவிட்டு மூட்டைகளை அவர் வீட்டு மாட்டுக்கொட்டிலில் அடுக்கினார்கள். மாடுகளை எங்கே கட்டினார்கள் என்று கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது.