மல்லிகைப் பாத்தியில் திரும்பிய பேருந்து

ஆலங்குண்டு ஊராட்சியில் சீனியம்மாள் உறுப்பினரானது, தெருவிளக்குக்காகச் சண்டை போடப் போன இடத்தில்தான்.

எழுபதாம் ஆண்டுத் தேர்தல் முடிந்து, நான்கு வார்டுகளிலும் நான்கு ஆண்கள் வெற்றி பெற்றிருந்தார்கள். பேயாண்டி தலைவராகிவிட்டார். முதற்கூட்டத்தில் எழுத்தர் சட்டப் புத்தகத்தைப் புரட்டி, பெண் எவரும் வெற்றி பெறாத ஊராட்சியில் ஒரு பெண்ணை உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று படித்துக் காட்டினார். எந்தப் பெண்ணைச் சேர்ப்பது என்று அவர்கள் விழித்துக்கொண்டிருந்தபோது, வாசலில் சீனியம்மாள் வந்து நின்றார். இடுப்பில் பூக்கூடை, முகத்தில் கோபம்.

"கிழக்குத் தெருவுல லைட்டு எரிஞ்சு மாசக்கணக்காச்சு. இங்க என்னடான்னா பட்டப்பகல்ல லைட்டப் போட்டுக்கிட்டு அம்புட்டுப் பேரும் உக்காந்திருக்கீக!"

பேயாண்டி அவசரமாக எழுந்து விளக்கை அணைத்தார்.

"வா தங்கச்சி, வா. உன்னயப் பத்தித்தான் பேசிக்கிட்டிருந்தோம்" என்று கூசாமல் பொய் சொன்னார்.

அன்று மாலையே கிழக்குத் தெருவில் விளக்கு எரிந்தது. அடுத்த கூட்டத்திலிருந்து சீனியம்மாளுக்கு அலுவலகத்தில் ஒரு முக்காலியும் கிடைத்தது.

ஆலங்குண்டு, மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டிச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, நாகமலையைப் பார்த்தபடி இருக்கும் சிற்றூர். காற்று அடங்கிய காலைகளில் மதுரை ஆலைகளின் சங்கொலி ஊருக்குள் கேட்கும். ஆலைச் சங்கு வந்து சேர்ந்த ஊருக்கு மதுரைப் பேருந்துதான் வந்து சேரவில்லை. ஆண்களில் பாதிப் பேர் ஆலைக்கு மிதிவண்டியில் போனார்கள். பெண்கள் மல்லிகை மொட்டுகளைக் கூடையில் நிறைத்து, தலையில் துணியைச் சுருட்டிச் சும்மாடு வைத்துச் சுமந்துகொண்டு, பெருஞ்சாலையிலிருந்து ஊர்ப்பாதை பிரியும் விலக்கு வரைக்கும் நடந்தார்கள். அங்கே உசிலம்பட்டியிலிருந்து வரும் பேருந்து நின்றால் நிற்கும். நிற்காவிட்டால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். வெயில் ஏறினால் மொட்டு வாய் திறந்துவிடும். வாய் திறந்த மொட்டை மதுரைப் பூ வியாபாரி கையால்கூடத் தொடமாட்டார்.

ஆகவே சீனியம்மாளுக்கு ஊராட்சி என்றால் ஒரே பொருள்தான்: ஊருக்குள் பேருந்து வரவேண்டும். மற்றவர்கள் குழாய் பற்றிப் பேசினாலும் பேருந்தில் கொண்டுபோய் முடிப்பார். சுடுகாட்டுப் பாதை பற்றிப் பேசினாலும் பேருந்தில் கொண்டுபோய் முடிப்பார்.

"ஏந்தங்கச்சி, செத்தவனுமா டவுன் பஸ்ல போகப்போறான்?" என்று ஒருமுறை பேயாண்டி கேட்டார்.

"உசுரோட இருக்கவுக முதல்ல போகட்டும்ணே. செத்தவுகளுக்கு அவசரம் இல்ல."

விடாமல் அனுப்பிய மனுக்களில் ஏதோ ஒன்று வேலை செய்தது. போக்குவரத்துக் கழகத்திலிருந்து பதில் வந்தது. பாதை அகலமானதே, ஆனால் பேருந்து திரும்புவதற்கு ஊருக்குள் இடம் வேண்டும். இடம் இருந்தால் சோதனை ஓட்டம் ஒன்று நடத்திப் பார்த்து முடிவு சொல்வார்கள்.

பேருந்து திரும்பும் அளவுக்குக் காலி இடம் ஊரில் எங்கும் இல்லை. ஒரு பக்கம் கோயில், ஒரு பக்கம் வைக்கோற்படப்பு, ஒரு பக்கம் கிணறு. ஊராட்சி அலுவலகத்தை ஒட்டி மட்டும் நல்ல சமதரை இருந்தது. அது சீனியம்மாளின் மல்லிகைத் தோட்டம்.

கூட்டத்தில் அனைவரும் கூரையைப் பார்த்தார்கள். சீனியம்மாளும் சற்று நேரம் கூரையைப் பார்த்துவிட்டு, "முன்பக்கத்துப் பாத்திகள நான் விட்டுத்தாரேன்" என்றார்.

அவருடைய கணவர் நல்லகாமன் அன்று சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"பஸ் வரலைன்னா?"

"வரும்."

"வரலைன்னா, பூத்துக் கெடக்குற செடியப் புடுங்கிப்புட்டு வெறுந்தரைய வச்சுக்கிட்டு இருப்போம். ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். ரசத்த ஊத்தவா?"

பாத்தி பாத்தியாகச் செடிகளைப் பிடுங்கியபோது, சீனியம்மாள் ஒவ்வொரு செடியிலும் இருந்த மொட்டுகளை முதலில் பறித்து மடியில் கட்டிக்கொண்டார். பிறகு மண்வெட்டியை நல்லகாமன் கையில் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். தரையைச் சமன்செய்து செம்மண் கொட்டி இறுக்கினார்கள்.

சோதனை ஓட்டத்துக்கு நாள் குறிக்கப்பட்டதும் ஊராட்சி கூடியது. நடந்த தவறு அந்தக் கூட்டத்தில்தான் நடந்தது. முதற்பேருந்துக்கு ஊர் எல்லையில் வரவேற்பு அளிக்க வேண்டும் என்றார் முதல் வார்டு உறுப்பினர். எல்லை அவருடைய வார்டில் இருந்தது. அப்படியானால் எங்கள் தெரு என்ன இளைத்ததா என்றார் இரண்டாம் வார்டு உறுப்பினர். மூன்றாம் வார்டு எழுந்தது. நான்காம் வார்டு மேசையைத் தட்டியது. இறுதியில், நான்கு வார்டுகளிலும் தனித்தனியாக வரவேற்பு அளிப்பதென்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. அதை வழிமொழிந்தவர் சீனியம்மாள். வருகிற விருந்தாளிக்கு மரியாதை செய்ய வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது?

பேருந்து வந்தது.

முதல் வார்டில் தேங்காய் உடைத்தார்கள். பேருந்தின் நெற்றியில் சந்தனம் பூசி, மாலை சாற்றினார்கள். இரண்டாம் வார்டில் பெண்கள் வரிசையாக நின்று ஆரத்தி எடுத்தார்கள். ஓட்டுநருக்கு எடுத்தவர்கள் நடத்துநரை விட்டுவிடலாகாது என்பதால் மறுபடியும் எடுத்தார்கள். மூன்றாம் வார்டில் மேளக்காரர்கள் பேருந்துக்கு முன்னால் நடந்தார்கள். மேளக்காரர் நடக்கிற வேகத்தில்தானே பேருந்தும் நகர முடியும்? நான்காம் வார்டில் பூசணிக்காய் சுற்றி உடைத்து, சக்கரங்களின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து, பானகம் கொடுத்து, கூட வந்த போக்குவரத்துக் கழக அதிகாரிக்குத் துண்டு போர்த்தினார்கள்.

அதிகாரியின் பெயர் ஜேசுராஜ். மதுரை நகரத்தில் பிறந்து வளர்ந்தவர்; கையில் கறுப்புக் குடை வைத்திருந்தார். பானகத்தை ஒரு வாய் குடிப்பார். கைக்கடிகாரத்தை ஒருமுறை பார்ப்பார். சீனியம்மாள் ஊராட்சி அலுவலக வாசலில் நின்று அதைக் கவனித்தார். ஒவ்வொரு முறையும் ஜேசுராஜின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது.

மல்லிகைப் பாத்தி இருந்த இடத்தில் பேருந்து ஒரே வளைவில் அழகாகத் திரும்பி நின்றது. ஊரே கைதட்டியது. ஜேசுராஜ் மட்டும் தட்டவில்லை. அலுவலகத்துக்குள் வந்து, குடையைச் சுவரோரம் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"உங்க ஊர் மாதிரி மரியாதை நான் எங்கேயும் பார்த்ததில்லை" என்று தொடங்கினார். அந்தத் தொடக்கமே சரியில்லை என்று அனைவருக்கும் தெரிந்தது. "ஆனா இது மதுரைக்கும் உசிலம்பட்டிக்கும் போய் வர்ற வண்டி. இங்க உள்ள வந்து போறதுக்குக் கால் மணி நேரந்தான் ஒதுக்க முடியும். விலக்குல இருந்து இங்க வந்து சேரவே முக்கால் மணிக்கு மேல ஆயிருச்சு. நான் என்னன்னு எழுதுறது?"

"அது மரியாதை செஞ்ச நேரம் சார். தெனமுமா செய்யப்போறோம்?" என்றார் பேயாண்டி.

"இன்னைக்கு இது. நாளைக்குத் திருவிழா, கல்யாணம், காதுகுத்துன்னு வருமே. உங்க ஆளுங்க வண்டிக்கு வழி விடுவாங்கன்னு எதை வச்சு நான் நம்புறது?"

வார்டு உறுப்பினர்கள் நால்வரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்கள். சீனியம்மாள் சன்னல் வழியாக அந்தச் செம்மண் தரையைப் பார்த்தார். பிடுங்கிய செடியை இனி நட முடியாது. நட்டாலும் அது பூத்து வருவதற்குள் எத்தனையோ பங்குனி போய்விடும். வாசலில் கூட்டத்தோடு நின்ற நல்லகாமனும் அந்தத் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நேற்று வயலுக்குப் போனபோது இந்த மனிதர் கஞ்சித் தூக்கை மறந்து போனார். புறப்பட்டுவிட்டவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாதே என்று சீனியம்மாள் வாய்க்கால் வரப்பில் சுற்றி ஓடி, எதிரே போய் நின்று அதைக் கொடுத்துவிட்டு வந்தார். அதை நினைத்ததும் அவருடைய முகம் பளிச்சென்று மாறியது.

"சார், வந்த நேரத்த எழுதாதீக. போற நேரத்தப் பாருங்க."

"போகும்போது மட்டும் என்னம்மா மாறிடப் போகுது?"

"நீங்க வெளிய வந்து எல்லாருக்கும் கேக்குற மாதிரிச் சொல்லிக்கிட்டு ஏறுங்க. நானும் கூட வாரேன். ஒரு ஆளு குறுக்க வந்தாலும் உங்க இஷ்டப்படி எழுதிக்கங்க."

ஜேசுராஜுக்கு நம்பிக்கை இல்லை. மறுக்கவும் மனம் வரவில்லை. வெளியே வந்து, படியில் நின்று, "சரி, நான் போறேன்" என்றார்.

கூட்டமே பதறியது.

"போறேன்னு சொல்லாதீக சார்!"

"போயிட்டு வாரேன்னு சொல்லுங்க!"

ஜேசுராஜ் சிரித்துவிட்டார். "சரி, போயிட்டு வாரேன்" என்று உரக்கச் சொல்லிவிட்டுப் பேருந்தில் ஏறினார். சீனியம்மாள் அவருக்குப் பின்னால் ஏறிச் சன்னலோரம் அமர்ந்தார்.

அந்தச் சொல் போதுமானதாக இருந்தது. புறப்பட்டுவிட்டவருக்குக் குறுக்கே போகக் கூடாது. பின்னாலிருந்து அழைக்கக் கூடாது. எங்கே, ஏன் என்று கேட்கக் கூடாது. ஆலங்குண்டில் இதை யாருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேளக்காரர்கள் மேளத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஒதுங்கினார்கள். பெண்கள் குழந்தைகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்கள். ஒருவர் தம் ஆட்டைக் கொம்பைப் பிடித்து இழுத்துக் கதவுக்குப் பின்னால் தள்ளினார். இரு பக்கமும் ஊர் முழுவதும் வாய்மூடி நிற்க, நடுவே பேருந்து வழுக்கிக்கொண்டு போனது.

அப்போதுதான் சீனியம்மாள் திரும்பிப் பார்த்தார். ஊராட்சி அலுவலகப் படியில் அவருடைய நாத்தனார் ஒச்சாயி நின்றிருந்தார். கைகளில் ஜேசுராஜின் கறுப்புக் குடை இருந்தது. ஒச்சாயியின் கண்கள் பிதுங்கின, கன்னங்கள் உப்பின, ஆனால் வாய் திறக்கவில்லை. அவரைச் சுற்றி நின்றவர்கள் குடையைப் பார்த்தார்கள், பேருந்தைப் பார்த்தார்கள், மறுபடியும் குடையைப் பார்த்தார்கள். ஒருவரும் மூச்சுவிடவில்லை.

சீனியம்மாள் அதிகாரியைப் பார்த்தார். ஒரு சொல் சொன்னால் பேருந்து நிற்கும். நின்றால் நேரம் போகும். அவர் முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு, நாகமலையை மிகுந்த கவனத்துடன் பார்க்கத் தொடங்கினார்.

விலக்கில் பேருந்து நின்றது. ஜேசுராஜ் கடிகாரத்தைப் பார்த்தார். நம்பாமல் காதில் வைத்துக் கேட்டார். ஓட்டுநரின் கடிகாரத்தையும் பார்த்தார். பிறகு, "ஏம்மா, இத வரும்போதே செஞ்சிருக்கலாமே!" என்றார்.

"வரும்போது எப்பிடி சார் சும்மா நிக்கிறது?"

அவர் சிரித்துக்கொண்டே கீழே இறங்கினார். வெயில் உச்சியைத் தொட்டதும் கை தானாகப் பக்கத்தில் தேடியது. மறுபடியும் ஏறி இருக்கையைப் பார்த்தார், இருக்கையின் அடியில் குனிந்து பார்த்தார்.

"என் குடை..."

"பத்திரமா இருக்கு சார். எங்க ஒச்சாயி கையில இருக்கு."

"உங்களுக்குத் தெரியுமா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"பொறப்பட்டவுகள நிறுத்தலாமா சார்? அதான் போயிட்டு வாரேன்னு சொன்னீகளே. மொத பஸ்ல வந்து வாங்கிக்கங்க."

நடத்துநர் முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்.

"அப்ப என் குடை வேணும்னா, நான் உங்க ஊருக்கு பஸ் விட்டாகணும். அப்படித்தானே?"

"நான் அப்பிடிச் சொல்லல சார்" என்றார் சீனியம்மாள், மிகவும் பணிவாக.

பேருந்து அவரை விலக்கில் இறக்கிவிட்டு மதுரைக்குப் போனது. நடந்தே ஊர் திரும்பினார். எல்லையிலேயே ஊர் காத்திருந்தது. அவர் வாய் திறப்பதற்கு முன்பே ஒச்சாயி குடையை உயர்த்திக்கொண்டு ஓடி வந்தார்.

"மதினி! இத வாயால சொல்லாம நிக்க நான் பட்ட பாடு அந்தக் கருப்பனுக்குத்தான் தெரியும்! பஸ் வருமா?"

"வெயில் காலம் வந்துருச்சுல்ல. மனுசன் குடை இல்லாம எம்புட்டு நாளைக்கு இருப்பாரு?"

குடை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஆணியில் தொங்கியது. தினமும் யாராவது ஒருவர் அதன் பிடியில் ஒரு முழம் பூவைச் சுற்றிவிட்டுப் போனார்கள். இடையில் ஒருநாள் எதிர்பாராத மழை பெய்தபோது, அதை எடுத்து விரிக்கப் போன பேயாண்டியை ஊராட்சி எழுத்தரே தடுத்துவிட்டார்.

பங்குனி பிறப்பதற்குள் உத்தரவு வந்தது. ஊராட்சி கூடி, இனிமேல் பேருந்துக்கு எந்த வார்டிலும் வரவேற்பு அளிப்பதில்லை என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. இம்முறையும் வழிமொழிந்தவர் சீனியம்மாள்தான்.

முதல் நாள் காலை. ஆலைச் சங்கு ஒலித்து ஓய்ந்த சற்று நேரத்துக்குள் பேருந்து வந்து செம்மண் தரையில் திரும்பி நின்றது. ஜேசுராஜ் இறங்கினார். ஒச்சாயி குடையை நீட்டினார். பிடியில் சுற்றியிருந்த பூவை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் விழிக்க, "வீட்டுல அம்மாவுக்குக் குடுங்க" என்று பெண்கள் சிரித்தார்கள்.

கூடைகள் ஒவ்வொன்றாகப் பேருந்தில் ஏறின. சீனியம்மாளின் கூடையில் மொட்டுகள் இறுக வாய்மூடி, பனி ஈரத்தோடு இருந்தன. "போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு அவர் ஏற, பேருந்து நகர்ந்தது.

அலுவலகப் படியில் ஏதோ கிடப்பதை நல்லகாமன் அப்போதுதான் பார்த்தார். சீனியம்மாளின் சும்மாடு. பழக்கத்தில் சுருட்டி எடுத்து வந்து, தலையில் வைக்க வேலையில்லாமல் அங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். நல்லகாமன் அதைக் கையில் எடுத்தார். கூப்பிடுவதற்கு வாய் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். பேருந்து வளைவைத் தாண்டி மறையும் வரைக்கும் அப்படியே நின்று, சும்மாட்டை உதறி விரித்து, தம் தோளில் துண்டாகப் போட்டுக்கொண்டு வயலுக்கு நடந்தார்.