ஜாதகத்தில் கிடந்த பாஸ்வேர்டு

என் தங்கை தமிழ்மணியின் கணவர் வைத்திலிங்கத்தைப் போல ஒரு சந்தேகப் பிராணியைச் சிதம்பரம் முழுக்கத் தேடினாலும் பார்க்க முடியாது. பள்ளிக்கூடத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆதார் நகல் யாருக்குக் கொடுத்தாலும் எதற்காக, எந்தத் தேதியில் என்று குறுக்கே எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் கொடுப்பார். வீட்டுக் கம்ப்யூட்டரின் கேமராவுக்கு மேல் பிளாஸ்திரி ஒட்டியிருப்பார். வேலை முடிந்ததும் பிரவுசரில் சேர்ந்ததையெல்லாம் ஒன்று விடாமல் அழித்துவிடுவார்.

"குளிப்பாட்டிப் படுக்க வெச்சாச்சா மச்சான்?" என்று கிண்டல் செய்வேன்.

"சிரிங்க மச்சான். ஒரு நாளைக்கு எவனாவது உங்க வீட்டுக்குள்ள பூந்து எல்லாத்தையும் படிச்சிட்டுப் போவான். அப்ப ஓடி வருவீங்க" என்பார்.

ஒரே மகள் கனிமொழி என்றால் அவருக்கு உயிர். கடலூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. செம்மண்டலத்தில் விடுதியில் தங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வருவாள். வயது இருபத்தெட்டு. அனுப்பிய ஜாதகங்களில் நான்கு வரன்கள் பொருந்தி வந்தன. நான்கையும் காரணம் சொல்லாமல் வேண்டாம் என்றுவிட்டாள்.

ஒரு வியாழக்கிழமை மதியம், இன்னொரு வரனுக்கு ஜாதகம் அனுப்ப இருவரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தோம்.

"இவ மனசுல என்னதான் இருக்குன்னு தெரியலியே மச்சான்" என்றவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். மேசை மேல் அவள் ஜாதகம் கிடந்தது. பிறந்த தேதி, நேரம், நட்சத்திரம், கீழே அவளுடைய மெயில் முகவரி எல்லாம் அதில் இருந்தன.

"அவ மெயிலப் பாத்தா தெரிஞ்சிடப் போவுது. பாஸ்வேர்டு இந்தத் தாள்லதான் இருக்கும், போட்டுத்தான் பாருங்களேன்" என்றேன்.

"பெத்த பொண்ணாவே இருந்தாலும் தப்பு மச்சான்" என்றார். நான் விடவில்லை. உங்கள் மகள்தானே, அவள் நல்லதுக்குத்தானே என்று நச்சரித்தேன். நட்சத்திரத்தையும் பிறந்த தேதியையும் சேர்த்துப் போட்டதும், மூன்றாம் முறையில் திறந்துகொண்டது. அதே தாளைத்தான் இதுவரை நாற்பது வீடுகளுக்கு அனுப்பியிருந்தோம்.

சென்னையில் நர்ஸாக இருக்கும் தோழி ஆரோக்கிய அனிதாவுக்கு அவள் எழுதியது மேலேயே இருந்தது.

"ரெண்டு வருஷமா வலிப்புக்கு மாத்திரை சாப்பிடறேன். இத மறைச்சுக் கல்யாணம் பண்ணிக்க மாட்டேன். ஆனா மொதல்ல அப்பாகிட்ட நான்தான் சொல்லணும். வேற எப்படித் தெரிஞ்சாலும் ஒடஞ்சி போயிடுவாரு. இந்த ஞாயித்துக்கிழம பக்கத்துல உக்காந்து சொல்லப்போறேன்."

மச்சான் அதை இரண்டாம் முறையும் படித்தார்.

ஐந்து நிமிடத்தில் அவர் போன் அடித்தது. கனிமொழிதான். தினமும் துடைத்து வைத்த அந்தக் கம்ப்யூட்டர் மெயில்காரனுக்குப் புதிதாகத் தெரிந்திருக்கிறது. உடனே அவள் போனுக்கு எச்சரிக்கை போயிருக்கிறது.

"அப்பா, யாரோ என் மெயிலத் தொறந்துட்டாங்கப்பா. பயமா இருக்கு. உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும். நான் இப்ப என்ன பண்ணணும்?"

அவர் என்னைப் பார்த்தார். சொல்லாதீர்கள் என்று தலையாட்டினேன்.

"ஒடனே பாஸ்வேர்ட மாத்தும்மா" என்றார். "நட்சத்திரம், தேதி இதெல்லாம் வைக்காத."

"நட்சத்திரம் வெச்சிருந்தது உங்களுக்கு எப்பிடிப்பா தெரியும்?"

"நாந்தாம்மா தொறந்தேன். படிச்சிட்டேன்."

நாங்கள் என்று சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நானும் திருத்தவில்லை. அவள் போனை வைத்துவிட்டாள். மச்சான் மேசையில் கவிழ்ந்து அழுதார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடையைக் கட்டினேன். வெட்கங்கெட்டவன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வருவாள் என்று நாங்கள் நினைக்கவில்லை. வந்தாள். அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, "நீங்க எதையும் படிக்கலன்னு வெச்சிக்கிட்டுக் கேளுங்கப்பா" என்று, முதன்முதலில் வேலை செய்யும் இடத்தில் விழுந்த நாளிலிருந்து ஆரம்பித்தாள். அவர் தலை குனிந்தபடி கேட்டார். தமிழ்மணி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

சொல்லி முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"நீங்களாவது என் வாயாலயே கேட்டீங்களே மாமா."

"ஆமாம்மா" என்றேன்.